நான்காம் பக்கம்

எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம் எங்கள் பள்ளிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு இரண்டிரண்டு கம்ப்யூட்டர் கொடுக்கப்போகிறார்கள்; வேண்டுகிற பள்ளி ஒரு திட்டம் எழுதி அனுப்ப வேண்டும். எந்த அறையில் வைப்பீர்கள், மின்வசதி எப்படி, எந்த ஆசிரியர்கள் பயிற்சிக்கு வருவார்கள், ஓர் இயந்திரத்துக்கு எத்தனை பிள்ளைகள், பள்ளி நேரம் போக ஊருக்கு அதனால் என்ன பயன் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். சங்கரன்கோவிலில் அதுவரை கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டவர்கள் இருந்தார்களா என்பதே சந்தேகம். நான் கண்டதில்லை. எங்கள் தலைமையாசிரியரும் கண்டதில்லை.

நான் அங்கே கணக்கு டீச்சர். முப்பத்திரண்டு வயது. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர் அவர். தறிக்கூடங்களில் புகைந்துபோன மோட்டார்கள் பாதிக்குமேல் அவர் கைக்குத்தான் வரும். மஞ்சள்காமாலை மூன்று வாரத்தில் அவரைக் கொண்டுபோய்விட்டது. கடையில் இருந்ததை எல்லாம் யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு வோல்ட் மீட்டரை மட்டும் நான் கொடுக்கவில்லை.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டுச் சுற்றறிக்கையை நீட்டினார்.

"டீச்சர், இதை நீங்கதான் எழுதணும். ஒங்களுக்குக் கணக்கும் வரும், எழுத்தும் வரும். எனக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் வரும்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் நம்பினேன். என் கணவர் இறந்தபோது முதல் ஆளாக வந்து வாசலில் நின்றவர் அவர்.

ஆறு வாரம் அந்தத் திட்டத்தோடு வாழ்ந்தேன். எழுத உட்காருவதற்கு முன் அளந்தேன். மாடியில் கிழக்குப் பக்கம் இருந்த பழைய ஓவிய அறையின் நீள அகலம், சன்னல் வழியாக வெயில் விழும் நேரம், மழைக்கு ஒழுகும் மூலை, எல்லாவற்றையும். பிறகு மின்சாரம். எங்கள் பள்ளிக்கும் பின்தெருத் தறிக்கூடங்களுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். காலையில் தறிகள் ஓட ஆரம்பித்தால் எங்கள் பல்புகள் எலுமிச்சம்பழ நிறத்துக்கு மங்கிவிடும். பகல் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்காக எல்லாத் தறிகளையும் ஒரேயடியாக நிறுத்துவார்கள். அந்த நிமிடம் பல்பு கண் கூசும்படி வெளுக்கும். வாரத்துக்கு ஒரு பல்பாவது அந்த நேரத்தில்தான் டப்பென்று போகும். 'தறி நின்னா கரண்டுக்குப் போக்கிடம் இல்ல, நம்ம பல்பு மேல ஏறிருது' என்று என் கணவர் சொல்வார். மீட்டரைப் பள்ளிக்குக் கொண்டுபோய், இருபது நாள் நேரம் போட்டுக் குறித்துவைத்தேன். பகல் ஒரு மணிக்கு முள் ஏறிய ஏற்றத்தைப் பார்த்தபோது, அதில் எந்த நல்ல பொருளையும் செருகக்கூடாது என்று எனக்குத் தெரிந்தது.

கிளை நூலகத்துக்கும் போனேன். நூலகர் நாசரேத் பக்கத்துக்காரர், அமைதியான மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய நூலகம் வாடகைக் கட்டடம் என்றாலும் பஜார் பக்கத்து லைனில் இருந்தது. அங்கே தறி கிடையாது. மீட்டர் முள் ஆடாமல் நின்றது. நூலகத்தைப் பகல் பதினொன்றுக்கு அடைத்தால் மாலை நான்குக்குத்தான் திறப்பார்கள். நடுவில் ஐந்து மணி நேரம் அந்த இடம் சும்மா கிடந்தது.

"அண்ணாச்சி, ரெண்டு மிஷின்ல ஒண்ண இங்கன வச்சா என்ன? பகல்ல எங்க பிள்ளைக வரட்டும். சாயங்காலம் ஊர்ப் பிள்ளைக, படிப்ப விட்டுட்டுத் தறிக்குப் போற பிள்ளைக, யாரு வேணாலும் பாக்கட்டும்."

"மேல எழுதிக் கேக்கேன் டீச்சர். கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க. ஆனா கேக்கேன்" என்றார். கேட்டார். ஆச்சரியமாக, சரி என்று கடிதம் வந்தது.

திட்டம் ஏழு பக்கம் வந்தது. நான்காம் பக்கம்தான் அதன் உயிர். பள்ளியின் மின் ஏற்ற இறக்கம், பகல் ஒரு மணிக்கு வரும் ஆபத்து, ஸ்டெபிலைசர் இல்லாமல் இயந்திரத்தை ஓட்டவே கூடாது என்பது, கசியும் மின்சாரத்தைத் தரைக்குள் இறக்கும் தனி எர்த், நூலகத்தில் ஓர் இயந்திரம், பயிற்சிக்கு இரண்டு ஆசிரியர்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் பெண் பிள்ளைகள் தயங்காமல் வருவார்கள் என்பது, எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தன. வயரிங் படமும் என் கையால் வரைந்தேன். கடைசிப் பக்கத்தில், தயாரித்தவர் என்று என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

பள்ளி தேர்வானது. மே மாதம் மதுரையில் பதினைந்து நாள் பயிற்சி. அதற்கு இயற்பியல் ஆசிரியர் போய்வந்தார் என்பது ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் ராயகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் இளைஞர். வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தலைமையாசிரியரின் மனைவிக்கு ஏதோ வழியில் சொந்தம். திட்டத்தில் என் பெயர் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தட்டச்சு செய்த பிரதியில் தயாரித்தவர் என்ற இடத்தில் தலைமையாசிரியர் பெயர் இருந்தது.

ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். பெயரைப் பற்றிக் கேட்கவில்லை. பயிற்சியைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"சார், ரெண்டு பேரு போலாம்னு சுற்றறிக்கையில இருந்துச்சே. என்னையும் அனுப்பியிருக்கலாமே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவசரமே இல்லை அவருக்கு.

"டீச்சர், நான் ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். பதினஞ்சு நாளு வெளியூர்ல தங்கணும். ஒங்க வீட்டுக்காரரு இருந்தா அது வேற விசயம். தனியா இருக்கிற பொம்பள. நாளைக்கு ஊர்ல நாலு விதமாப் பேசுனா, நானா போயிப் பதில் சொல்லுவேன்?"

பெரிதாக யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மூக்கால் சிரித்தார். மற்றவர்கள் தேநீர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் ஆசிரியர்கள் நான்கு பேர் இருந்தோம். மற்ற மூவரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் உட்கார்ந்தேன். காது மடல் எரிந்தது. என் மகளுக்கு அப்போது எட்டு வயது. அவளோடு வீதியில் நடந்துபோகும்போது எந்த வாசலில் யார் என்ன பேசுகிறார்கள் என்று அன்று மாலைதான் முதல்முதலாகக் கவனித்தேன். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

இருந்தாலும் அந்தக் கோபம் காலத்தில் ஆறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அது ஆறாமல் போனது ஆடி மாதத்தில்.

ஆடித் தபசுத் திருவிழா நேரம். கோவிலைச் சுற்றி நடக்க இடமில்லாத கூட்டம். ஆசிரியர்களில் பாதிப் பேர் லீவு. அப்படிப்பட்ட நாட்களில் யார் எந்த வகுப்புக்குப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தலைமையாசிரியர் ஒரு தாளில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு ப்யூனிடம் கொடுத்தனுப்புவார். அவரவர் பார்த்துத் தங்கள் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். ப்யூன் கடைசியாக என்னிடம் வந்தார். எட்டாம் வகுப்புக்கு இரண்டாம் பாடவேளை என்று என் பெயருக்கு நேரே இருந்தது. கையெழுத்துப் போட்டேன். தாளின் பின்பக்கம் ஏதோ மை ஊறித் தெரிந்தது. திருப்பினேன்.

என் வயரிங் படம். என் கையெழுத்து. மேலே வலது மூலையில் நான் வட்டமிட்டு எழுதிய 4.

"இத நானே ஆபீஸ்ல குடுத்துருதேன், நீங்க போங்க" என்று ப்யூனிடம் சொன்னேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். எட்டாம் வகுப்புக்குப் போய்ப் பின்னங்கள் நடத்தினேன்.

மத்தியானம் அலுவலகத் தட்டச்சரிடம் போனேன். "நாலாம் பக்கம் அடிச்சீங்களா சார்?" என்று கேட்டேன். பாவம், அவருக்கு ஒளிக்கத் தெரியாது.

"ஐயா வேண்டாம்னுட்டாரு டீச்சர். நம்ம லைன் மோசம்னு நாமளே எழுதிக் குடுத்தா வேற ஸ்கூலுக்குத் தூக்கிக் குடுத்துருவாங்கன்னாரு. லைப்ரரிக்கு ஒண்ணு குடுக்கதும் அந்தப் பக்கத்துலதான இருந்துச்சு. ரெண்டும் நம்மகிட்டயே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு."

ஆறு வார உழைப்பு, இருபது நாள் அளவு, அண்ணாச்சி எழுதிக் கேட்டு வாங்கிய கடிதம், எல்லாவற்றையும் உருவி எறிந்திருந்தார். எறிந்ததன் முதுகில் எனக்கே வேலை எழுதி அனுப்பியிருந்தார். அவர் அதைத் தெரிந்து செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அது என்ன தாள் என்றுகூட அவர் பார்க்கவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த மனிதரைத் தலைகுனிய வைக்காமல் விடமாட்டேன் என்று. வீட்டுக்குப் போய்ச் சாதம் வடித்தேன், மகளுக்குத் தலை பின்னிவிட்டேன். உள்ளே அந்த முடிவு, ஊசி போட்ட இடம் மாதிரி, தொடும்போதெல்லாம் வலித்துக்கொண்டிருந்தது.

ஆவணியில் கம்ப்யூட்டர்கள் வந்தன. மாட்டுவண்டியில் வந்து இறங்கிய அட்டைப்பெட்டிகளைப் பிள்ளைகள் வட்டமாக நின்று பார்த்தார்கள். ஓவிய அறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தலைமையாசிரியர் தன் மேசைக்குள் வைத்துக்கொண்டார். இயற்பியல் ஆசிரியர் மட்டும் காலையில் முதல் பாடவேளையில் போய் ஓட்டிப் பார்ப்பார். பிள்ளைகளுக்கு அனுமதியில்லை. வந்து இரண்டு மாதம், ஒரு பிள்ளைகூட அதைத் தொட்டதில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைத் துணி போர்த்திய இரண்டு உருவங்களைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் இயற்பியல் ஆசிரியர் என்னிடம் வந்தார்.

"டீச்சர், மதுரைல ஒவ்வொரு மிஷினுக்கும் அடியில ஒரு பெட்டி இருந்துச்சு. கரண்ட நெதானமாக் குடுக்குமாம். இங்கன அதக் காணோமே. வேண்டாமா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சூதுவாது இல்லாத முகம். அந்த நிமிடம் நான் பையைத் திறந்து அந்தத் தாளை அவரிடம் காட்டியிருக்கலாம்.

"தலைமையாசிரியரைக் கேளுங்க சார்" என்றேன்.

கேட்டார். வரும் வரும் என்று பதில் கிடைத்தது.

ஐப்பசியில் அதிகாரிகள் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. பள்ளியின் கால அட்டவணை போடுவது வருடாவருடம் என் பொறுப்பு. அதனால் தலைமையாசிரியர் என்னைத்தான் கூப்பிட்டார். இந்த வருகையை மிகப் பெரிதாக நினைத்தார் அவர். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. அதற்குள் ஒரு விருது வாங்கிவிட வேண்டும் என்று விண்ணப்பித்திருந்தார்.

"எத்தன மணிக்கு வைக்கலாம் டீச்சர்?"

"பன்னெண்டரைக்கு வச்சிருவோம் சார். மிஷின ஓட்டிக் காட்ட பத்து நிமிசம் போதும். ஒரு மணிக்குள்ள முடிச்சிட்டு நேரா சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்."

"பேஷ்" என்றார்.

ஒரு மணிக்குள் முடித்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. அது உண்மை. ஆனால் அவர் மைக்கின் முன்னால் நின்றால் எவ்வளவு நேரம் நிற்பார் என்பது பத்து வருட சுதந்திர தினங்களில் எனக்கு அத்துப்படி. அதுவும் உண்மை.

அன்று பிள்ளைகளை முன்வரிசையில், இயந்திரத்தை ஒட்டி உட்கார வைத்திருந்தார்கள். "பெரியவங்க முன்னால இருக்கட்டும்" என்று சொல்லி நான் எல்லாரையும் பின்சுவர் ஓரமாகத் தள்ளி உட்கார வைத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவ்வளவு யோசித்துத்தான் செய்தேன் என்பதை இங்கே ஒளிக்க விரும்பவில்லை.

அதிகாரிகள் மூன்று பேர் வந்தார்கள். மாலை, சந்தனம், பன்னீர். தலைமையாசிரியர் பேச ஆரம்பித்தார். இந்தத் திட்டத்தை எழுதத் தான் தூக்கமில்லாமல் உழைத்ததைச் சொன்னார். அறையை அளந்ததைச் சொன்னார். வெயில் விழும் நேரத்தைக்கூடக் கவனித்ததாகச் சொன்னார். என் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தன. நான் பின்சுவரில் சாய்ந்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றாக ஏழு நிமிடம். ஒன்றாக நான்கு நிமிடம்.

ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது இயந்திரத்தைப் போடச் சொன்னார். இயற்பியல் ஆசிரியர் பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு கோடு வந்து, பிறகு வரவேற்பு வார்த்தை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் வந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். தலைமையாசிரியர் மேசைமேல் கையை ஊன்றி, அந்தத் திரையைத் தானே பெற்ற பிள்ளையைக் காட்டுவது மாதிரி அதிகாரிகளுக்குக் காட்டினார்.

அப்போது தறிச் சத்தம் நின்றது. நாள் முழுக்கக் காதில் அடித்துக்கொண்டே இருக்கும் சத்தம் அது. நின்றால்தான் அப்படி ஒன்று இருந்தது என்றே தெரியும். அறை திடீரென்று அமைதியானது. தலைக்கு மேலே பல்பு மஞ்சளிலிருந்து வெள்ளையானது, வெள்ளையிலிருந்து நீலம் பாய்ந்தது. திரையில் எழுத்துகள் அகன்று ஆடின. பட்டென்று ஒரு சத்தம். பெட்டியின் பின்னாலிருந்து ஒரு முழப் புகை எழுந்தது. தீய்ந்த வார்னிஷ் வாடை. என் கணவரின் சட்டையில் தினமும் இருந்த வாடை அது.

"ஆஃப் பண்ணுலே! ஆஃப் பண்ணு!" என்று தலைமையாசிரியர் இயற்பியல் ஆசிரியரைப் பார்த்துக் கத்தினார். அதிகாரிகள் முன்னால், பிள்ளைகள் முன்னால், 'லே' போட்டுக் கத்தினார். முன்னால் இருந்த அதிகாரி நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சந்தனக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் ஓர் இயந்திரம் செத்துவிட்டது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர் முகத்தில் வியர்வை வழிந்ததையும், மாலை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியதையும் கண் நிறையப் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷம் நான்கு நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் இயற்பியல் ஆசிரியர் கையில் ஒரு தாளோடு ஆசிரியர் அறை வாசலில் நின்றார். அவருக்கு மெமோ கொடுத்திருந்தார்கள். பயிற்சி பெற்றும் கவனக்குறைவாக இயக்கி அரசுப் பொருளைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு. தலைமையாசிரியர்தான் அப்படி எழுதி அனுப்பியிருந்தார். சொந்தக்காரர் என்பதெல்லாம் புகையோடு போய்விட்டது.

"வேலை போயிருமா டீச்சர்?" என்று கேட்டார்.

நான் குறிபார்த்த ஆள் தப்பிக்கொண்டு, குறுக்கே நின்றவன் மேல் அடி விழுந்திருந்தது. அது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். அதிகாரம் உள்ளவர்களை அடித்தால் அவர்கள் அடுத்தவனை இழுத்து முன்னால் நிறுத்துவார்கள் என்பது தெரியாத வயதில்லை எனக்கு. கோபத்தில் தோன்றவில்லை.

"போவாது. விசாரணைக்கு வரும்போது என்னையும் கூப்பிடச் சொல்லுங்க" என்றேன்.

பதினைந்து நாள் கழித்து, அன்று வந்தவர்களில் ஓர் அதிகாரி மட்டும் விசாரிக்க வந்தார். சந்தனக் கிண்ணத்தைத் தட்டிவிட்டவர். தலைமையாசிரியர் அறையில் நாங்கள் மூன்று பேரும் அவர் எதிரே இருந்தோம். அதிகாரி தட்டச்சுப் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தத் திட்டம் நீங்க எழுதினதுதானே?" என்று தலைமையாசிரியரைக் கேட்டார்.

"ஆமாங்க ஐயா. முழுக்க நானே."

"ஆறாம் பக்கத்தில், 'நான்காம் பக்கத்தில் சொன்ன எச்சரிக்கைகளின்படி மட்டுமே இயந்திரம் இயக்கப்படும்'னு இருக்கு. நாலாம் பக்கத்தில் மேசை நாற்காலி பட்டியல்தான் இருக்கு. என்ன எச்சரிக்கை அது?"

தட்டச்சர் பக்கத்தை விட்டுவிட்டார். அந்த வரியை விடவில்லை. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை கை அவசரப்பட்டது.

"பொதுவா... ஜாக்கிரதையா இருக்கணும்னு..."

"எதில் ஜாக்கிரதை? எர்த் பற்றியா? வோல்டேஜ் பற்றியா?"

"எர்த்துன்னா ஐயா... அது... நம்ம பூமிதான்..."

இயற்பியல் ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை. அந்த அமைதியை நான் உடனே கலைக்கவும் இல்லை. அவர் வார்த்தை தேடித் தடவுவதை முழுதாகப் பார்த்தேன். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு பையிலிருந்து தாளை எடுத்து அதிகாரியின் முன்னால் விரித்தேன்.

"நாலாம் பக்கம் இதுதான் சார்."

அவர் படித்தார். பகல் ஒரு மணி ஏற்றத்தைப் பற்றி எழுதியிருந்த வரியில் விரல் நின்றது. பிறகு தாளைத் திருப்பினார். அங்கே தலைமையாசிரியரின் கையெழுத்து, ஆடி மாதத் தேதி, யார் எந்த வகுப்புக்குப் போக வேண்டும் என்ற பட்டியல். மறுபடி திருப்பினார். இரண்டு பக்கத்துக் கையெழுத்தையும் ஒத்துப் பார்த்தார். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அன்னைக்குப் பன்னிரண்டரைன்னு நேரம் குறிச்சது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

"ஒரு மணிக்கு இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார். அத எழுதி இவங்க கையில குடுத்திருக்கேன்."

அதிகாரி என்னை நெடுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் என்மேல் எழுத அவரிடம் ஒன்றும் இல்லை. தலைமையாசிரியர் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வார்த்த ஞாபகப்படுத்தியிருக்கலாமே டீச்சர்" என்றார் மெல்ல.

"என் நல்லதுக்குத்தான் சார் பேசாம இருந்தேன். நான் பேசுனா ஊர்ல நாலு விதமாப் பேசுவாங்க."

இந்த ஒரு பதிலை ஆனி மாதத்திலிருந்து வாய்க்குள் வைத்திருந்தேன். சொல்லி முடித்ததும் தண்ணீர் குடித்தது போலிருந்தது.

இயற்பியல் ஆசிரியர் மேலிருந்த மெமோவை ரத்து செய்தார்கள். தலைமையாசிரியரைத் திருவேங்கடத்துக்கும் அப்பால், கரிசல்காட்டுக்கு நடுவே இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கு மாற்றினார்கள். விருது விண்ணப்பம் என்ன ஆனதென்று யாரும் கேட்கவும் இல்லை. தினமும் காலையில் டிபன் கூடையோடு டவுன் பஸ்ஸில் அவர் இடம் பிடிக்க நிற்பதைப் பார்த்துக்கொண்டே நான் பள்ளிக்கு நடந்துபோவேன். வேண்டுமென்றே அந்த வழியாக நடந்தேன். சுற்றுவழி அது.

இயற்பியல் ஆசிரியரிடம் நான் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவரும் ஊகித்திருந்தார்.

"நான் அந்தப் பெட்டியப் பத்திக் கேட்டன்னைக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர். நானும் ஒங்க கூட நின்னிருப்பேன். அந்த மிஷின் பொழச்சிருக்கும். பிள்ளைக படிச்சிருக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. செத்த இயந்திரத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அது திரும்பி வரவே இல்லை. எண்பது பிள்ளைகளுக்கு ஒரே இயந்திரம் மிஞ்சியது. அதற்குப் பிறகு அவர் என்னோடு மரியாதையாகப் பேசினார். நட்பாகப் பேசவில்லை.

மிஞ்சியதை நூலகத்தில் வைத்தோம். புதிதாக வந்த தலைமையாசிரியை நான்காம் பக்கத்தை அப்படியே நிறைவேற்றச் சொன்னார். ஸ்டெபிலைசர் வந்தது, எர்த் போட்டோம். பகலில் எங்கள் பிள்ளைகள் வரிசையாக நடந்து வந்தார்கள். மாலையில் தறிக்குப் போகும் பெண்கள் காதில் பஞ்சோடு வந்து உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி புத்தகப் பெயர்களை அதில் ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்டார். நூறு பெயருக்கு மேல் அது தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை நூலக விடுமுறை. மற்ற நாளெல்லாம் மாலை வகுப்பு நான்தான் எடுத்தேன். நானும் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றேன்.

மூன்று வருடம் கழித்து, ஒரு மாலை பழைய தலைமையாசிரியர் வந்தார். ஓய்வுபெற்றிருந்தார். கையில் பத்து வயதுப் பேத்தி.

"டீச்சர், இவ கணக்குல கெட்டி. இவளச் சேத்துக்கிடணும்" என்றார். முகத்தைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"பிள்ள வரட்டும். வேடிக்க பாக்க வாரவங்களுக்கு உள்ள இடம் கெடையாது" என்றேன்.

பேத்தி உள்ளே வந்தாள். அவர் வெளியே நின்றார். வாரத்தில் மூன்று நாள், ஒரு மணி நேரம், எதிர்ச்சாரியில் சைக்கிள் கடை ஓரம் நிற்பார். மழை பெய்தால் குடை. வெயிலுக்கும் குடை. உள்ளே காலி நாற்காலிகள் கிடந்தன.

"ஒரு நாற்காலிய வெளிய போட்டா என்ன டீச்சர்? வயசாளு" என்றார் அண்ணாச்சி.

"வேண்டாம் அண்ணாச்சி."

ஒருநாள் அண்ணாச்சியே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். தலைமையாசிரியர் உட்காரவில்லை. என் சன்னலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கை காட்டினார். நாற்காலி திரும்பி வந்தது.

பேத்திக்கு நான் எதையும் குறைக்கவில்லை. என் வகுப்பிலேயே விரல் வேகமானவள் அவள்தான். ஒரு கேள்விக்கு இரண்டு கேள்வி கேட்பாள். அவளை எனக்குப் பிடித்திருந்தது. ஏழெட்டு மாதம் போன பிறகு ஒரு மாலை, மற்றவர்கள் போனபின் அவள் மட்டும் நின்றாள்.

"டீச்சர், மத்த பிள்ளைகளோட ஆளுங்க வந்தா உள்ள உக்காருதாங்க. எங்க தாத்தாவ மட்டும் ஏன் உள்ள விட மாட்டேங்கீங்க? தாத்தா ஒங்கள என்ன செஞ்சாங்க?"

அவளிடம் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். தெருவுக்கு எதிரே குடையின் கீழ் அவர் நிற்பது தெரிந்தது.

"நீ போயி ஒங்க தாத்தாகிட்டயே கேளு மக்கா" என்றேன்.

சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு அவள் தெருவைக் கடந்தாள். அவர் அவள் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் நடந்தார்கள். சைக்கிள் கடையைத் தாண்டும்போது அவள் அண்ணாந்து பார்த்து ஏதோ கேட்பது தெரிந்தது. அவர் நடை ஒரு கணம் நின்றது. பிறகு திருப்பத்தில் மறைந்துவிட்டார்கள்.

அடுத்த வகுப்புக்கு அவள் தன் அம்மாவோடு வந்தாள். அம்மா உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். பேத்தி வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள், வணக்கம் சொன்னாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. தாத்தா அவளுக்கு என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. உள்ளதைச் சொன்னாரா, என்மேல் பழி போட்டாரா என்று இன்றுவரை தெரியாது. அவர் அந்தத் தெருப்பக்கம் பிறகு வரவில்லை.

எனக்கு அன்று சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் பத்து வயதுப் பிள்ளையை அதற்குக் கூட்டு சேர்த்திருந்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பார்க்கவில்லை. இயந்திரத்தைப் போட்டுப் பாடத்தைத் தொடங்கினேன்.